வகுப்பறை கட்ட முறி விற்கலாமா?

கேள்வி:

ஐயா, எங்கள் மகள் வடகொழும்பில் ஒரு தமிழ்மொழிமூல மாகாணப் பாடசாலையில் தரம் 7 படிக்கிறாள். இடம் போதாமல் இரண்டு வகுப்புகளை மண்டபத்தில் தட்டி வைத்துப் பிரித்து நடத்துகிறார்கள். எட்டு வகுப்பறைகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்துக்கு 6 கோடி ரூபா மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். பாதியை வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் தருவார்களாம். மீதி 3 கோடிக்கு, 600 குடும்பங்களுக்கு ஆளுக்கு 50,000 ரூபாப்படி "பாடசாலைக் கட்டட முறி" (கடன் பத்திரம்) விற்று, 8 சதவீத வட்டியோடு ஐந்து வருடத்தில் திருப்பித் தருவதாகக் கட்டடக் குழு முடிவெடுத்திருக்கிறது. யோசனை கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சானுடையது. அங்கே பாடசாலைகளை இப்படித்தான் கட்டுகிறார்கள் என்கிறார். என்னைப் பொருளாளராகக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். நாற்பது குடும்பங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டன. இன்னொன்று, வீட்டுக்கும் கடைக்கும் நாங்கள் மாநகர சபைக்கு வரி கட்டுகிறோமே, அந்தக் காசில் பாடசாலை கட்ட முடியாதா?

- ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்:

முதலில் கையெழுத்து விஷயம். வைக்காதீர்கள். மச்சானோடு கொஞ்சம் மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் கணிதமும் அந்தப் பக்கம் சங்கீதமும் நடந்தால் பிள்ளைக்கு எது காதில் ஏறும்? கட்டடம் கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த முறி வேண்டாம்.

உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, கதையின் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். கலிபோர்னியாவில் பாடசாலைகளை நடத்துவது பாடசாலை மாவட்டம் என்ற தனி அமைப்பு. அதற்குத் தேர்தலில் தெரிவான சபை உண்டு. கட்டடம் வேண்டுமென்றால் அந்தச் சபை, எந்தெந்தப் பாடசாலையில் என்னென்ன வேலை, மொத்தம் எவ்வளவு கடன் என்று பட்டியல் போட்டு வாக்காளர்களிடம் போகும். 2000 நவம்பரில் நிறைவேறிய 39 ஆம் இலக்க முன்மொழிவின்படி 55 சதவீதம் பேர் ஆம் என்றால் போதும். அதற்கு முன் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. மக்கள் ஆம் என்றதும் மாவட்டம் முறிகளைச் சந்தையில் விற்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனிகள், நிதியங்கள், வரிச்சலுகை தேடும் வசதியானவர்கள். பிள்ளையின் தாய் தகப்பனிடம் யாரும் படிவத்தை நீட்டுவதில்லை.

அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவது யார் என்பதுதான் கதையின் முன்பாதி. அந்த மாவட்டத்தில் வீடு, கடை, காணி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள். அவர்களுடைய ஆதன வரிச் சீட்டில் முறிக்கென்று ஒரு வரி கூடுதலாக ஏறும். பிள்ளை இல்லாதவரும் கட்டுவார், எதிர்த்து வாக்களித்தவரும் கட்டுவார். 55 சதவீத வழியில் போனால் அதற்கும் எல்லை உண்டு. ஆரம்பப் பள்ளியிலிருந்து உயர்பள்ளி வரை சேர்த்து நடத்தும் மாவட்டத்தில், ஒரு முறித் தேர்தலால் ஏறக்கூடிய வரி, வரி மதிப்பில் ஒவ்வொரு 100,000 டொலருக்கும் வருடம் 60 டொலருக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே முறி வாங்குகிறவர் பாடசாலையின் களியாட்ட விழாவில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பதில்லை. அந்த ஊரின் வீடுகளைப் பார்க்கிறார். வீடுகள் ஓடிப்போகாது, வரி கட்டாவிட்டால் வீட்டையே விற்று எடுக்கச் சட்டம் இருக்கிறது.

வரி விதிக்கும் அதிகாரம் இருப்பவர் முறி விற்கலாம். உங்கள் கட்டடக் குழுவுக்கு ஒரு ரூபா வரி விதிக்கவும் அதிகாரம் இல்லை. அதனால் நீங்கள் விற்பது, பெயரில் முறியாக இருந்தாலும், பெற்றோரிடம் வாங்கும் கைமாற்றுத்தான்.

அந்தக் கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கோடிக்கு 8 சதவீதம் என்றால் வருட வட்டி 24 இலட்சம். ஐந்து வருடத்தில் 1 கோடி 20 இலட்சம். முதலோடு சேர்த்து 4 கோடி 20 இலட்சம், அதாவது குடும்பத்துக்கு 70,000 ரூபா. வரவு எங்கே? உங்கள் கடிதத்தோடு அனுப்பிய கணக்கில், கடந்த வருடக் களியாட்ட விழாவில் செலவு போக நின்றது 12 இலட்சம். மழை பெய்யாமல், எல்லா வருடமும் அதே கூட்டம் வந்தால் ஐந்து வருடத்தில் 60 இலட்சம். வட்டியில் பாதிக்குத்தான் காணும். மீதி 3 கோடி 60 இலட்சத்தை யாரிடம் கேட்பது? கடைசியில் அதே 600 குடும்பங்களிடம், ஆளுக்கு 60,000. அவர்களுக்கு 70,000 திருப்பிக் கொடுப்பதற்காக அவர்களிடமே 60,000 வாங்க வேண்டும். கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

அப்படி வாங்க முடியாதபோது குழு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் தரம் 6 க்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு முறி விற்று, பழையவர்களின் காசைக் கொடுக்கும். கெட்ட எண்ணம் இல்லாமலே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சீட்டுப் பிடிக்காத வீடு குறைவு, அதனால் எல்லோருக்கும் இது விளங்கும்: சீட்டில் போட்ட காசு கையில் சுற்றிக்கொண்டிருக்கும், யாரோ ஒருவர் எடுப்பார். இங்கே போட்ட காசு சீமெந்தும் கம்பியுமாக நிற்கும். கழற்றி எடுக்க முடியாது. அதுவும் அரச காணியில் எழும்பும் கட்டடம். முடிந்த கையோடு அது அரச சொத்து. கடன் கொடுத்தவர் ஒரு கதவைக்கூடத் தனது என்று சொல்ல முடியாது.

சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்கும் தொழில் நடத்துவது குற்றம். "நாங்கள் தொழில் செய்யவில்லை, பாடசாலைக்குத்தானே" என்று குழு சொல்லும். இருக்கலாம். ஆனால் 600 பேரிடம், அச்சடித்த படிவத்தில், நிச்சயித்த வட்டி சொல்லிப் பணம் வாங்கி, தவணையில் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்தால், அது வைப்பு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கம்பனி கூடத் தொகுதிக்கடன் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்பதென்றால் முதலிடுவோருக்கு எல்லாம் விபரிக்கும் விபரணப் பத்திரம் வெளியிட்டு, அதற்கான ஒழுங்குகளுக்கு உட்பட்டே விற்கலாம். 2008 இல், வட்டி சொல்லிப் பணம் வாங்கிய கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை அழுதன என்பது உங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வட்டியின் பெயரைச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்கியவர்களை இந்த நாட்டின் அதிகாரிகள் இப்போது எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, இது உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியம். கட்டடக் குழு சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் அல்ல. பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட பழைய மாணவர் சங்கங்கள் சில உண்டு, உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகப் பதிந்தவையும் உண்டு. அப்படி எதுவும் இல்லாத குழு என்றால், பணம் கேட்டு வழக்குப் போடுகிறவர் படிவத்தில் கையெழுத்து வைத்தவரைத்தான் தேடுவார். தலைவர் மாறுவார், அதிபர் இடமாற்றம் வாங்குவார், மச்சான் கலிபோர்னியாவில் இருப்பார். பொருளாளரின் கடை கொட்டாஞ்சேனையிலேயே இருக்கும்.

சரி, மாநகர சபைக் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. சோலைவரி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஆதன வரி, உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. (ஜனவரி 31 க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு. கடைக்காரர் நீங்கள், இதைத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள்.) அந்தக் காசில் சபை குப்பை அள்ளுகிறது, வீதி, வடிகால், விளக்கு, பொது நூலகம், மருந்தகங்கள், முன்பள்ளிகள் ஆகியவற்றைப் பார்க்கிறது. முன்பள்ளியோடு அதன் கல்விக் கடமை நின்றுவிடுகிறது. தரம் 1 முதல் மேலே, 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, மற்றவை மாகாண சபை. மாநகர முதல்வர் விரும்பினாலும் ஆதன வரியில் உங்கள் கட்டடத்தைக் கட்ட முடியாது. அது அவருடைய பட்டியலில் இல்லாத வேலை.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். சென்னையில் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. மாநகராட்சியே பள்ளிகள் நடத்துகிறது. கொழும்பிலும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணத்தை அமெரிக்காவிலிருந்தே காட்டலாம். டெக்சாசில் சான் அன்ரோனியோ நகரப் பகுதியில் எட்ஜ்வூட் என்றொரு ஏழைப் பாடசாலை மாவட்டமும் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டமும் இருக்கின்றன. 1967-68 இல் எட்ஜ்வூட் மக்கள் 100 டொலர் பெறுமதிக்கு 1.05 டொலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சதம். ஆனால் உள்ளூர் வரியிலிருந்து பிள்ளைக்குக் கிடைத்த மேலதிகப் பணம் எட்ஜ்வூட்டில் 26 டொலர், அலமோ ஹைட்ஸில் 333 டொலர். கூட வரி கட்டியவனுக்குக் குறைந்த பாடசாலை. பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். அதற்குப் பிறகு மாநில நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனாலும் வீட்டு மதிப்பில் பாடசாலையைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். கறுவாத்தோட்டத்து வீட்டின் ஆண்டுப் பெறுமதியையும் மட்டக்குளியில் ஒரு தொடர்மாடி அறையின் ஆண்டுப் பெறுமதியையும் வைத்துப் பாடசாலை கட்டினால் யாருடைய பிள்ளைக்கு மண்டபம், யாருடைய பிள்ளைக்குத் தட்டி? கொழும்பு எல்லையைத் தாண்டினால், ஹட்டனில் ஒரு லயன் அறைக்கு என்ன மதிப்புப் போடுவது? நாம் வடகொழும்பில் இருந்துகொண்டு கொழும்பு வரி கொழும்புக்கே என்று கேட்டால் தோட்டப் பாடசாலைகளுக்கு அது நல்ல செய்தி அல்ல.

அப்படியானால் உங்கள் பாடசாலைக்குப் பணம் வரவேண்டிய வழி எது? மாகாணப் பாடசாலைக் கட்டடங்களுக்கு முக்கிய வழி, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் திறைசேரி மாகாணங்களுக்குக் கொடுக்கும் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை. அதோடு மாகாணத்தின் சொந்த வருமானம். வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு நீங்கள் கட்டுவது அதில் ஒரு பகுதி. சிறு திருத்த வேலைகளுக்குப் பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. கூரைக்கும் கழிவறைக்கும் அது காணும், எட்டு வகுப்பறைக்குக் காணாது. ஆக, வரியில் பாடசாலை கட்டும் ஏற்பாடு நம்மிடமும் இருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 சதவீதம்தான் அரசு கல்விக்குச் செலவழிக்கிறது, அதில் பெரும்பங்கு சம்பளம். கட்டடத்துக்கு மிஞ்சுவது குறைவு, வரிசை நீளம்.

அந்த வரிசையில் உங்கள் பாடசாலை எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. மச்சானின் யோசனைக்கு மூன்று கூட்டம் வைத்திருக்கிறீர்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் போனதாகத் தெரியவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கொழும்பு வலயத்தில் கட்டடத் தேவை என்று பதிவான பாடசாலைகள் எவை, முன்னுரிமை எந்த அடிப்படையில், எங்கள் பாடசாலையின் இடம் என்ன, கடந்த மூன்று வருடத்தில் ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கடைசிக் கேள்வியை விடாதீர்கள். நமது நிதி வருடம் டிசம்பர் 31 ஓடு முடிகிறது, அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு போய்விடும். பல இடங்களில் தூணோடு நிற்கும் கட்டடங்களுக்குப் பின்னால் ஒக்டோபரில் வந்த பணமும் டிசம்பரில் தீர்ந்த காலமும் இருக்கும். வரைபடமும் மதிப்பீடும் அனுமதியும் தயாராக வைத்திருக்கும் பாடசாலை அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களிடம் மதிப்பீடு இருக்கிறது. மிச்சத்தையும் தயார் செய்யுங்கள்.

கேட்பதற்கு ஆள் யார் என்பது இன்னொரு சிக்கல். மாநகர சபைக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆனால் பாடசாலை அவர்கள் கையில் இல்லை. பாடசாலை யார் கையில் இருக்கிறதோ அந்த மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிந்தது. அதன்பின் தேர்தலில் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு தாய் சபைக் கூட்டத்தில் எழும்பி, போன முறை வாக்குக் கொடுத்தோமே, கழிவறை எங்கே என்று கேட்கலாம். நமக்குக் கேட்க இருப்பது ஒரு முத்திரை ஒட்டிய கடிதம். இந்த வெற்றிடத்தைப் பெற்றோரின் காசைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மச்சானின் ஊரிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அதே 39 ஆம் முன்மொழிவோடு சேர்ந்து வந்த சட்டத்தில் குடிமக்கள் மேற்பார்வைக் குழு என்று ஒன்று கட்டாயம். பெற்றோர், வரி செலுத்துவோர் சங்கம், முதியோர் அமைப்பு, வியாபாரிகள் என்று பல தரப்பினரும் அதில் இருப்பார்கள். மாவட்டத்தின் ஊழியரோ, ஒப்பந்தக்காரரோ, பொருள் வழங்குபவரோ, ஆலோசகரோ இருக்க முடியாது. பட்டியலில் இல்லாத வேலைக்கு ஒரு சதமும் போகக்கூடாது, சம்பளத்துக்கும் போகக்கூடாது. வருடா வருடம் பணக் கணக்காய்வு ஒன்று, வேலைக் கணக்காய்வு ஒன்று. இதற்கு வரி விதிக்கும் அதிகாரம் வேண்டாம், நாளைக்கே நீங்கள் செய்யலாம். உங்கள் கட்டடக் குழுவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன்: கம்பிக் கடை வைத்திருப்பவர் ஒருவர், "நம்ம ஆள்" என்று நீங்களே எழுதியிருக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர். இருவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். விலை கேட்கும் மேசையில் ஒரு பக்கம்தான் உட்கார வேண்டும்.

(அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று மயங்க வேண்டாம். சான் டியாகோ பக்கத்தில் போவே என்ற பாடசாலை மாவட்டம் 2011 இல் சுமார் 105 மில்லியன் டொலர் கடனை, இருபது வருடம் எதுவும் கட்டத் தேவையில்லை என்ற முறியில் எடுத்தது. 2051 வரை திருப்பிக் கட்டுவது 981 மில்லியன் அளவில். 2013 இல் மாநிலம் அப்படிப்பட்ட முறிகளுக்கு 25 வருடக் காலமும், திருப்பிக் கட்டும் மொத்தம் கடன் முதலின் நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையும் வைத்தது. மச்சானிடம் போவே பற்றிக் கேட்டுப் பாருங்கள்.)

பணம் சேர்க்கும் வழியைப் பற்றி. கடனை விட்டுவிட்டுக் கொடையாகக் கேளுங்கள். 1848 இல் வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதிலிருந்து நம்மவர் பாடசாலைகள் எத்தனையோ ஊர்க்கொடையில் எழுந்தவை. கொடுத்தவர்கள் வட்டி கேட்கவில்லை. கொடை என்றால் விருப்பம் போல என்று அர்த்தம். 500 ரூபா கொடுப்பவருக்கும் 5 இலட்சம் கொடுப்பவருக்கும் ஒரே பற்றுச்சீட்டு, கொடுக்காத வீட்டுப் பிள்ளையின் பெயர் எந்தப் பலகையிலும் வராது. பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கட்டடக் காசு கேட்டதாக ஒரு முறைப்பாடு போனால் அதிபர் விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டி வரும். தரம் 1 அனுமதியோடு இந்தக் கொடையை முடிச்சுப் போடுவது அதைவிட மோசம், அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழு வரை போகும் விஷயம்.

பணம் போக வேண்டிய கணக்கு, கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளின்படி இயங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு. கட்டடக் குழுவுக்கென்று யாரோ இருவர் பெயரில் திறந்த கூட்டுக் கணக்கு அல்ல. பற்றுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் இருக்க வேண்டும், எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு பதிவு வேண்டும், அடிக்கட்டைகள் திரும்பி வர வேண்டும். சங்கக் கணக்குகளைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது அடிக்கட்டைகளைத்தான். பேரேடு அழகாக எழுதியிருக்கும், இரண்டு புத்தகம் "வெளிநாட்டுக்குப் போய்விட்டது" என்பார்கள்.

வருமான வரி கட்டும் பெற்றோர் சிலர் கேட்பார்கள்: இதற்கு வரிச்சலுகை உண்டா? 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் நன்கொடையைக் கழிக்க இடம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுப்பதில் 75,000 ரூபா, அல்லது வரிவிதிக்கத்தக்க வருமானத்தில் மூன்றில் ஒன்று, எது குறைவோ அது. பழைய மாணவர் சங்கம் அந்த அங்கீகாரப் பட்டியலில் வருவதில்லை. ஆகவே பெரிய தொகை கொடுப்பவர்கள் முதலில் தங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டு, அரச பற்றுச்சீட்டு கிடைக்கும் வழியில் கொடுப்பது நல்லது. மச்சானுக்கும் நண்பர்களுக்கும் அமெரிக்காவில் சலுகை வேண்டுமென்றால் அங்கே பதிவான தொண்டு நிறுவனம் ஊடாக அனுப்ப வேண்டும், நேரே சங்கக் கணக்குக்குப் போட்டால் கிடையாது.

மதிப்பீட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். 6 கோடிக்குள் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி அடங்குமா? அடங்காவிட்டால், ஒப்பந்தக்காரர் அந்த வரிக்குப் பதிந்தவராக இருந்தால், இன்னும் 1 கோடி 8 இலட்சம் தேவை. பெற்றோரில் ஒருவராக இல்லாத ஒரு கியூ.எஸ். (கட்டடச் செலவை அளந்து கணிப்பவர்) மதிப்பீட்டைச் சரிபார்க்கட்டும். அத்தோடு கட்டடத்தை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். மேல்மாடியையும் தாங்கும் அத்திவாரத்தோடு கீழ்த்தளத்து நான்கு வகுப்பறைகளை முதலில் முடித்தால் மண்டபத்துத் தட்டியை எடுத்துவிடலாம். வெளிநாட்டுப் பழைய மாணவர்களின் பாதி வாக்குறுதி மட்டும்தானா, காசாக வந்ததா என்று எழுதவில்லை. வங்கியில் வந்து விழும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வந்த பணத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதாதீர்கள். ஒரு தளம் எழும்பி நிற்பதைக் காட்டி வலயத்திடம் மேல்தளத்துக்குக் கேட்பதும் இலகு. கட்டத் தொடங்குமுன் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும். அரச காணியில் அனுமதியில்லாமல் எழுப்பிய கட்டடத்துக்கு நாளை மின்சாரம் கேட்டாலும் பிரச்சினை.

கடைசியாக, நாற்பது குடும்பங்கள் கட்டிய 20 இலட்சம். இதுதான் இப்போது உங்கள் கையைச் சுடுவது, எல்லாவற்றுக்கும் முதல் இதைச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் முறித் திட்டம் கைவிடப்படுகிறது, பெற்ற பணம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது என்று தீர்மானம் எடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 ரூபாவைக் குறுக்குக்கோடிட்ட காசோலையாகக் கொடுத்து, அவர்களிடமிருக்கும் முறிப் படிவத்தை வாங்கி "இரத்து" என்று எழுதிக் கோவையில் வையுங்கள். அச்சடித்து விற்காமல் கிடக்கும் படிவங்களையும் எண்ணி அதே கோவையில் போடுங்கள், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். சிலர், பரவாயில்லை, அந்தக் காசு கட்டடத்துக்கே இருக்கட்டும் என்பார்கள். நல்ல மனம், ஆனால் காசு அப்படியே பெயர் மாறக்கூடாது. முதலில் காசோலையை வாங்கட்டும். அப்புறம் விரும்பிய தொகையை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு நன்கொடையாகப் போட்டு, வட்டியும் திருப்பித் தருவதும் எழுதாத புதிய பற்றுச்சீட்டு எடுக்கட்டும்.